தெள்ளுப்பூச்சி: பூனையும் முயலும் ஒன்றாக வளரும் வீட்டில்

தெள்ளுப்பூச்சி சிறகில்லாத பூச்சி. பாலூட்டிகள், பறவைகளின் இரத்தத்தைக் குடித்து வாழ்கிறது. கரும்பழுப்பு நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், ஆறு கால்கள். பக்கவாட்டில் தட்டையான உடல் என்பதால் ரோமங்களுக்கு இடையில் புகுந்து ஓடிவிடும். விரலால் பிடிக்கப் போனால் தாண்டிவிடும். உண்ணி வேறு. அதற்கு எட்டுக் கால்கள் உண்டு, தாண்டாது, தோலில் வாயைப் பதித்துக்கொண்டு ஒரே இடத்தில் ஊதிப் பெருக்கும். பேச்சுவழக்கில் இரண்டையும் உண்ணி என்றே சொல்வதால், உண்ணிக்கு வாங்கிய மருந்தைத் தெள்ளுக்கும் போட்டுவிடுகிறார்கள். வீட்டு விலங்குகளுக்கு நேரும் பல ஆபத்துகள் அங்கேதான் தொடங்குகின்றன.

உலகெங்கும் வீடுகளில் அதிகம் காணப்படுவது டீனோசெபாலைடிஸ் ஃபீலிஸ் என்னும் பூனைத் தெள்ளு. இந்தியாவில் அதன் நெருங்கிய உறவான டீனோசெபாலைடிஸ் ஓரியன்டிஸும் பரவலாக உண்டு. பூனைத் தெள்ளு பூனையோடு நிற்பதில்லை. நாய், முயல், மனிதர் என்று கிடைத்த உடம்பில் ஏறும். ஐரோப்பியக் காட்டு முயலுக்கென்றே ஒரு தெள்ளு இருக்கிறது. அது முயலின் கர்ப்பகால ஹார்மோன்களைப் பின்பற்றி இனம்பெருக்குகிறது என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேய உயிரியலாளர் மிரியம் ராத்ஸ்சைல்ட். நம் ஊர்க் காடுகளில் இருப்பது ஐரோப்பியக் காட்டு முயல் அல்ல, கரும்பிடரி முயல். ஆகவே இங்கே கூண்டு முயலின் மேல் தெள்ளு ஏறினால், பெரும்பாலும் அது வீட்டுப் பூனையிடமிருந்தோ தெருப் பூனையிடமிருந்தோ வந்த பூனைத் தெள்ளுதான்.

தெள்ளின் இனம் எது என்ற கேள்வி சென்னைக்குப் புதிதல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் வெடித்தது. 1898இல் கராச்சியில் ஆய்வு செய்த பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன், எலித் தெள்ளின் வழியாகவே நோய் தாவுகிறது என்று காட்டினார். பம்பாயும் பஞ்சாபும் ஆண்டுக்கணக்கில் சாவு எண்ணிக்கொண்டிருந்தபோது மதராஸ் நகரம் அந்த அளவுக்கு அடிபடவில்லை. கொழும்பில் பணியாற்றிய ஃபேபியன் ஹிர்ஸ்ட் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார்: கொழும்பு, மதராஸ் எலிகளில் மிகுந்திருந்தது பிளேக்கை எளிதில் பரப்பும் ஜெனோப்சில்லா கியோப்பிஸ் அல்ல, குறைவாகவே பரப்பும் ஜெனோப்சில்லா ஆஸ்டியா. இவ்விரண்டு தெள்ளுகளுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் மிரியமின் தந்தை சார்ல்ஸ் ராத்ஸ்சைல்ட். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு பூச்சிகளுக்குள் அத்தனை வேறுபாடு. மருந்து போடும்போது பூனையின் உடம்புக்கும் முயலின் உடம்புக்கும் இடையிலுள்ள வேறுபாடும் அதே அளவுக்கு உயிர் சம்பந்தப்பட்டது.

குன்றத்தூரில் ஏன் அடங்குவதில்லை

தெள்ளின் முட்டை வழவழப்பானது. ரோமத்தில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைக்கு மேலும் இடும். பூனை எங்கே படுக்கிறதோ அங்கேயெல்லாம் முட்டை விழும். சில நாளில் வெளிவரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி, விரிப்பின் அடியிலும் தரை விரிசலிலும் போய் ஒளிந்துகொள்ளும். வளர்ந்த தெள்ளுகள் கழிக்கும் காய்ந்த இரத்தத் துகளே அதன் முக்கிய உணவு. பிறகு கூடு கட்டிக்கொள்கிறது. தூசி ஒட்டிய அந்தக் கூட்டுக்குள் அது மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடல் வெப்பம், மூச்சுக்காற்றின் கரியமிலவாயு இவை பட்டதும் வெளியே வந்து தாவும். பல வாரம் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தவுடன் கணுக்காலில் கடி விழுவது இதனால்தான்.

புழு பிழைக்க ஈரப்பதம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது காய்ந்து சாகும். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தாங்காது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வெளியே உள்ள தெள்ளுகளைக் கட்டுப்படுத்துகிறது. சென்னைப் புறநகரில், செம்பரம்பாக்கம் ஏரிக்கும் அடையாற்றுக்கும் அருகிலுள்ள குன்றத்தூரில் அப்படி ஒரு காலமே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையும் அதைத் தொடரும் பனிமூட்டமும் தெள்ளுக்கு மிகவும் உகந்தவை. கத்திரி வெயில் திறந்த தரையைச் சுட்டாலும் மாடிப்படிக்கு அடியிலுள்ள மண், தண்ணீர்த் தொட்டி ஓரம், கட்டிட வேலைக்குக் கொட்டிய மணல்மேடு ஆகியவை நிழலாகவும் ஈரமாகவுமே இருக்கின்றன. தெருப் பூனைகள் குட்டி போடுவதும் அங்கேதான்.

மற்றொரு பக்கம், இங்குள்ள வீடுகளில் சுவரோடு சுவர் விரித்த கம்பளம் இல்லை. டைல்ஸ் தரை தெள்ளுப் புழுவுக்கு ஒளிய இடம் தராது. இது நமக்கு வாய்த்த பெரிய அனுகூலம். ஒளிவிடம் என்றால் மிதியடி, சோபா இடுக்கு, கட்டிலடி, பழந்துணி மூட்டை, முயல் கூண்டில் போட்ட சாக்கும் வைக்கோலும்தான்.

முயல் கூண்டைக் கால் வைத்து உயரத்தில் நிறுத்துவது தமிழ்நாட்டு வழக்கம். பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீட்டின்படி பூனைத் தெள்ளு நீளவாக்கில் சராசரியாக 20 சென்டிமீட்டர்தான் தாண்டும், அதிகபட்சம் 48; உயரவாக்கில் அதைவிடக் குறைவே. கூண்டு உயரமாக இருந்தால் தரையிலிருந்து நேரே ஏறுவது கடினம். ஆனால் பூனை கூண்டின் மேலேயே படுத்துத் தூங்கும். கம்பிவலை வழியே முட்டையும் தெள்ளும் முயலின் மேல் கொட்டும். கூண்டின் மேல் ஒரு பலகை போட்டு, பூனையின் படுக்கையை வேறிடத்துக்கு மாற்றினாலே பாதித் தொல்லை குறையும்.

மருந்து: ஒன்றுக்கு ஆகும், மற்றொன்றைக் கொல்லும்

தெள்ளு இருக்கிறதா என்று அறிய, தலைக்குப் போடும் பேன் சீப்பே போதும். வால் அடியிலும் பிடரியிலும் சீவி, விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் செம்பழுப்பாகக் கசியும். அது தெள்ளின் கழிவு. சீப்பில் சிக்கிய தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் சாகும். எட்டு வாரம் நிரம்பாத பூனைக்குட்டிக்குப் பெரும்பாலான சொட்டு மருந்துகள் ஆகாது. அதற்குச் சீப்புதான் முதல் மருந்து. இதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. சுமார் 70 பெண் தெள்ளுகள் ஒரு நாளில் ஒரு மில்லிலிட்டர் இரத்தம் குடித்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்கு அது பெரிய இழப்பு. ஈறு வெளுத்திருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பூனையைக் கொல்வது பெர்மெத்ரின். நாய்களுக்குப் பிடரியில் விடும் சில சொட்டு மருந்துகளில் இது செறிவாக இருக்கிறது. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணிக்காக அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் ஆகியவையும் இதே குடும்பம். பல வேதிப்பொருள்களைக் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மற்ற பாலூட்டிகளில் வேலை செய்யும் ஒரு மரபணு பூனையில் செயலிழந்து கிடக்கிறது. நச்சு ஏறினால் காது துடிக்கும், உடல் நடுங்கும், வலிப்பு வரும். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும் ஆபத்துதான். தெரியாமல் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு கழுவி, துடைத்து, துண்டில் சுற்றி மருத்துவரிடம் ஓட வேண்டும்.

டெட்டால் தண்ணீரில் பூனையைக் குளிப்பாட்டுவதும், பினாயில் போட்டுத் துடைத்த தரையில் அதை நடக்கவிடுவதும் இதே காரணத்தால் தவறு. ஃபீனால் வகைப் பொருள்களையும் பூனையின் உடம்பால் வெளியேற்ற முடியாது. பாதத்தை நக்கியே விழுங்கிவிடும்.

முயலைக் கொல்வது ஃபிப்ரோனில். பூனைக்கும் நாய்க்கும் இந்தியச் சந்தையில் மிகப் பரவலாகக் கிடைக்கும் தெள்ளு மருந்து இதுதான். பூனைக்கு அளவோடு போட்டால் ஆபத்தில்லை. முயலுக்குப் போட்டால் சோர்வு, தீனி மறுப்பு, வலிப்பு, மரணம். அறிகுறி சில நாள் கழித்தும் வரலாம் என்பதால் பலர் மருந்தைச் சந்தேகிப்பதே இல்லை. பூனையும் முயலும் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் வீட்டில், பூனையின் பிடரியில் விட்ட ஃபிப்ரோனில் முயலின் நாக்குக்குப் போய்ச் சேரும். இப்படிப்பட்ட வீட்டில் பூனைக்கும் அந்த மருந்தைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டுக்கும் பொருந்துவதாகக் கால்நடை மருத்துவர்கள் கருதும் மருந்துகள் இரண்டு: இமிடாகுளோபிரிட், செலமெக்டின். பிரிட்டனில் இமிடாகுளோபிரிட் மட்டுமே அடங்கிய சொட்டு மருந்து, சிறு பூனைகளுக்கும் வளர்ப்பு முயல்களுக்கும் சேர்த்தே அனுமதி பெற்றது. ஆனால் இதே பொருளோடு பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தும் விற்கிறது. ஆகவே பெட்டியின் முன்பக்கப் பெயரைப் பார்த்து வாங்காமல், பின்பக்கம் எழுதியுள்ள கலவையைப் படிக்க வேண்டும். அளவை எடை பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

முயல் என்றால் நம் மருத்துவர்கள் பலருக்கும் பண்ணை முயல்தான் பழக்கம். கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும், நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் உள்ள அரசு ஆய்வு நிலையங்களால் தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு பரவியது. பண்ணையில் பெரிய தொல்லை சொறிச் சிற்றுண்ணி. அதற்கு ஐவர்மெக்டின் ஊசி போடுவது வழக்கம். சொறிக்கு நன்றாக வேலை செய்யும் அந்த ஊசி தெள்ளை அடக்காது. சந்தேகமிருந்தால், 1903இல் வேப்பேரியில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது குன்றத்தூர்க்காரர்களுக்குத் தொலைவானாலும் தகும்.

முயலைக் குளிப்பாட்டவே கூடாது. பயத்திலேயே அதிர்ச்சி கண்டு சாகக்கூடும். அடர்ந்த ரோமம் எளிதில் காயாது. தெள்ளுக்கான கழுத்துப் பட்டையும் வேண்டாம். கடித்து விழுங்கும், தாடையில் மாட்டிக்கொள்ளும். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது. அரை நாள் தின்னாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்றுபோகும் அபாயம் உண்டு. அது அவசர நிலை.

வேப்பெண்ணெய், கற்பூரம், பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய் எல்லாம் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வைத்தியங்கள். உடம்பெல்லாம் நாக்கால் சுத்தம் செய்யும் விலங்குக்கு மேலே தடவுவது எதுவும் உள்ளே ஊட்டுவதாகவே ஆகும். இவற்றில் ஒன்றையும் பூனைக்கோ முயலுக்கோ தடவக் கூடாது.

வீட்டைச் சுத்தம் செய்தல்

மருந்து விலங்கின் மேலுள்ள தெள்ளைத்தான் கொல்லும். முட்டை, புழு, கூடு என்று பெரும்பகுதி வீட்டில் கிடக்கிறது. படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் நனைத்துத் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் உலர்த்த வேண்டும். கூண்டின் சாக்கையும் வைக்கோலையும் அகற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். கட்டிலடியையும் சோபா இடுக்கையும் தினமும் பெருக்கவோ வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவோ வேண்டும். குப்பையைப் பையில் கட்டி அன்றே வெளியேற்ற வேண்டும். கூட்டுக்குள் இருப்பவை மாதக்கணக்கில் காத்திருப்பதால், கடி நின்ற பிறகும் மூன்று மாதமாவது இதைத் தொடர வேண்டும். வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும்.

தெள்ளைத் தன் ரோமத்திலிருந்து நக்கி விழுங்கும் பூனைக்கு டைபிலிடியம் என்னும் நாடாப்புழு வரும். மலத்திலும் வாலடியிலும் அரிசிபோல் அதன் துண்டுகள் தென்படும். அதற்குத் தனியாகக் குடற்புழு நீக்க மருந்து தேவை. பூனைக் கீறலால் வரும் காய்ச்சலுக்குக் காரணமான பார்ட்டோனெல்லா கிருமியும் தெள்ளின் கழிவு வழியாகவே பூனையின் நகத்துக்கு வருகிறது. குழந்தைகளைப் பூனை கீறினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடங்காமல் பூச்சிமருந்து அடிப்பவர்களை அழைக்க நேர்ந்தால், வீட்டில் பூனையும் முயலும் இருப்பதை முதலிலேயே சொல்லி, என்ன மருந்து என்று எழுதி வாங்க வேண்டும். இத்தெளிப்புகளில் பெரும்பாலும் இருப்பது பெர்மெத்ரின் குடும்பமே. ஈரமாக இருக்கையில் பூனைக்கு நஞ்சு. விலங்குகளையும் அவற்றின் தட்டு, கிண்ணம், கூண்டு, தீனி அனைத்தையும் முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும். தரை முழுவதும் காய்ந்து காற்றோட்டம் விட்ட பிறகே திரும்பக் கொண்டுவர வேண்டும். மீன் தொட்டி இருந்தால் அதை மூடி, காற்றுக் குழாயை நிறுத்திவைக்க வேண்டும், ஏனெனில் இதே மருந்து மீனுக்கும் கொடிய நஞ்சு.