எண்ணிக்கைக்கு எடுத்த ரத்தம்

கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பார்ப்பது இன்று ஹீமோகுளோபின், சர்க்கரையோடு சேர்ந்த வழக்கமான சோதனை. லேப் டெக்னீஷியனாக நான் அரசுப் பணியில் சேர்ந்த காலத்தில் அது கிடையாது. மேகநோய் இருக்கிறதா என்று வி.டி.ஆர்.எல். பார்ப்போம், அவ்வளவுதான்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. அதற்குப் பிறகு பல வருஷம் ஊர் இதை லாரிக்காரர் நோய் என்றே பேசியது. வீட்டுப் பெண்ணை யாரும் நினைக்கவில்லை.

நினைத்தபோதும் கணக்குக்காகத்தான். 1998 முதல் ஆண்டுதோறும் நடந்த கண்காணிப்பில், வி.டி.ஆர்.எல். பார்த்து மிஞ்சிய சீரத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டு எண்ணை ஒட்டி எச்.ஐ.வி. பார்த்தோம். எலிசா தட்டில் ஒரு குழி நிறம் மாறும். அது யாருடைய ரத்தம் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நூறு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்தால் அந்த மாநிலம் அதிகப் பரவல் பட்டியலில் சேரும். தமிழ்நாடு அதில் இருந்தது. சொன்னால் கொடுப்பதற்கு மருந்து இல்லையே என்று மேலே இருந்தவர்கள் சொன்ன சமாதானம் எனக்கு அப்போதும் உறுத்தியது.

மருந்து வெளிநாட்டில் இருந்தது. ஜிடோவுடின் கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறையும் என்று 1994இலேயே தெரிந்துவிட்டது. வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும், விலையும் கட்டுப்படியாகாது. 1999இல் உகாண்டாவிலிருந்து வந்த சேதிதான் நம்மைப் போன்ற நாடுகளுக்கு வழிவிட்டது. பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு நெவிரபின் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு எடைக்கேற்ற சொட்டு. தொற்று கிட்டத்தட்டப் பாதியாகியது. 2002இல் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நம் நாட்டுத் திட்டமும் வந்தது. அப்போதுதான் சோதனைக் குழாயில் கர்ப்பிணியின் பெயர் ஏறியது.

மாத்திரை வந்தும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரிசல்ட் புகுந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கும். வலி எடுப்பது பிறந்த ஊரில். முடிவைத் தாயிடம்கூடச் சொல்லாத பெண், அங்கே நர்ஸிடம் மட்டும் எப்படிச் சொல்வாள்? நான் பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் குறி போட்டு வைத்திருந்தார்கள். வார்டில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அது புரியும். அதற்குப் பயந்தே சில பெண்கள் வராமல் போனார்கள்.

பிறந்த பிறகும் நிம்மதி கிடையாது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை தங்கக்கூடும் என்பதால் சாதாரணச் சோதனையை நம்ப முடியாது. அதுவரை அவள் காத்திருந்தாள். 2010இலிருந்து குதிகாலில் குத்தி அட்டையில் சொட்டு ரத்தம் எடுத்து, ஆறாவது வாரமே பி.சி.ஆர். பார்க்க முடிந்தது. 2014 ஜனவரி முதல், தொற்றுள்ள கர்ப்பிணி யாராக இருந்தாலும் வாழ்நாள் கூட்டுமருந்து. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்ற சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு தாமதம் தேவையில்லை என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதலில் சோதிக்கப்படுபவள் கர்ப்பிணி என்பதால், நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என்ற பழியும் முதலில் அவள் மேல்தான் விழுந்தது. எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் எங்கள் நம்பிக்கை மையத்தில் கவுன்சலர் கேட்பார், "உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அவருக்கு வேலை இருக்கு மேடம்." மூன்றாம் மாதம் தொற்று இல்லாதவளுக்கு எட்டாம் மாதம் கணவரிடமிருந்தே வரலாம். நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், முடிவு ரகசியம். மனைவிக்கு ரத்தம் எடுக்கும் நாளில் நீங்களும் கூடப் போய்க் கையை நீட்டுங்கள்.