மறைத்த நாட்களின் கணக்கு

குண்டாற்றங்கரைத் திருச்சுழியை ரமணர் 1879-இல் பிறந்த ஊராகப் பலரும் அறிவர். ஆனால் அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த வறண்ட சீமை தென்பாண்டி நாட்டுத் துறவியர் பலருக்குத் தாயகமாக இருந்தது என்பதை அறிந்தவர் மிகக் குறைவு. பழைய அருப்புக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த குரண்டி என்னும் ஊர், கல்வெட்டுகளில் வெண்பு நாட்டுக் குரண்டி எனக் குறிக்கப்பெறுகிறது. அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளி, சமணத் துறவியர் தங்கிக் கற்ற பெரும்பள்ளி. மதுரைக்கு மேற்கே சமணர்மலையின் செட்டிப்புடவிலும் முத்துப்பட்டிக் குன்றிலும் 9, 10 ஆம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்ட வட்டெழுத்துப் பொறிப்புகள், திருமேனிகளைச் செய்வித்தவர்களைக் குரண்டியின் ஆசிரிய மரபோடு சேர்த்தே அறிமுகப்படுத்துகின்றன. குரண்டி அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என மூன்று தலைமுறைகள் ஒரே கல்லில் வரிசையாக நிற்கின்றன. அப்பள்ளி பிற்காலத்தில் அழிந்தது. அதன் கற்கள் திருச்சுழிக்கு அருகே பள்ளிமடத்துச் சிவன் கோயில் திருப்பணியில் சேர்ந்ததால், திருக்காட்டாம்பள்ளிக்கு அளிக்கப்பட்ட கொடைகளின் வாசகங்களை இன்று அக்கோயிலில் படிக்க முடிகிறது.

ஒருவரது பெயரோடு அவருடைய ஆசிரியர் பெயரையும் கல்லில் பொறிக்கும் இவ்வழக்கத்தைப் புகழ் நாட்டமாக மட்டும் கொள்வது பொருந்தாது. துறவி ஒருவரின் நடத்தைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அது ஊரறிய விடையளித்தது; மாணாக்கர் தவறினால் ஆசிரியர் மரபு முழுவதும் தலைகுனிய நேரும் என்பதால், கண்காணிப்பு அந்த உறவுக்குள்ளேயே அமைந்திருந்தது. சமண மரபு, தவறியவர் முதலில் ஆசிரியர் முன் ஒளிக்காமல் சொல்லுவதை ஆலோசனை என்றும், அதிலிருந்து மீளுவதைப் பிரதிக்கிரமணம் என்றும் கூறியது. தவறு கடுமையாயின், துறவு மூப்பில் சில ஆண்டுகளைக் குறைக்கும் சேதமும், கூட்டத்திற்கு வெளியே சில காலம் நிறுத்தும் பரிகாரமும் விதிக்கப்பட்டன. தத்துவார்த்த சூத்திரம் இவ்வாறு ஒன்பது வகைக் கழுவாய்களைக் கூறுகிறது. கழுவாய்க்கு அடங்காத பிணக்குகள் கூட்டத்தையே பிளந்ததும் உண்டு. 10 ஆம் நூற்றாண்டில் தேவசேனர் எழுதிய தரிசனசாரம், விக்கிரம ஆண்டு 526-இல், அதாவது கி.பி. 470 அளவில், மதுரையில் வச்சிரநந்தி திராவிட சங்கத்தை நிறுவியதாகச் சொல்லி, அச்சங்கத்தார் உழவும் வாணிகமும் செய்தனர், குளிர்ந்த நீரில் நீராடினர் என்று குற்றம் சாட்டுகிறது. குற்றஞ்சாட்டியவர் எதிர்த்தரப்பினர் என்பதையும், அவர் நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர் என்பதையும் மனத்தில் கொண்டே இச்செய்தியை ஏற்க வேண்டும்.

துறவியர் கூட்டத்திற்குள் நிகழும் தீங்கைத் தடுக்கவும் ஈடுசெய்யவும் மிக விரிவான நடைமுறையை எழுத்தில் வைத்தவர்கள் பௌத்தர்கள். அதைப் பேணிக் கற்பித்ததில் தேரர் எனப்படும் தமிழ்நாட்டு மூத்த துறவியரின் பங்கு பெரிது. உறையூரைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர், களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தனின் ஆட்சியில், காவிரி நாட்டுப் பூதமங்கலத்து விகாரையில் இருந்து வினயவினிச்சயம் என்னும் பாலி நூலை இயற்றினார். வினயம் என்பது துறவியரின் ஒழுக்கச் சட்டம். அப்பெருங்கடலை இளந்துறவியர் மனப்பாடம் செய்வதற்கு ஏற்பச் செய்யுளாகச் சுருக்கியதே அவர் பணி. சட்டம் அறிஞரிடம் மட்டும் தங்கிவிடாமல் புதிதாக வந்தவனுக்கும் தெரிந்திருந்தால்தான் அது அவனைக் காக்கும் என்பதால், இச்சுருக்க நூல்களை வெறும் பாடப் புத்தகங்களாகக் கருதிவிடக் கூடாது.

அச்சட்டத்தின் அடித்தளம் பாதிமோக்கம் என்னும் விதித்தொகுப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் உபோசத நாளில் அது கூட்டத்தின் நடுவே ஓதப்படும். அதன் உச்சியில் நான்கு பாராஜிகங்கள் உள்ளன. புணர்ச்சி, களவு, மனிதக் கொலை, அடையாத ஞானநிலையை அடைந்ததாகப் பொய் கூறல் ஆகிய இவற்றைச் செய்தவருக்குத் துறவு அக்கணமே முடிந்துவிடும். திரும்பி வர வழி கிடையாது. ஈடுசெய்யத் தகாத தீங்கு உண்டு என்பதை ஒரு சமய நிறுவனம் தன் சட்டத்தின் முதல் பகுதியிலேயே ஒப்புக்கொண்டிருப்பது மதிக்கத்தக்கது. அதற்கு அடுத்த பதின்மூன்று குற்றங்கள் சங்காதிசேசம் எனப்படுவன. காமக் கருத்தோடு பெண்ணைத் தொடுதல், இழிந்த சொல் பேசுதல், பொய்யாகப் பாராஜிகக் குற்றம் சுமத்துதல், அறிவுரையை ஏற்க மறுத்தல் முதலியன இதில் அடங்கும். இவற்றைத் தீர்க்கத் தனி ஆசிரியருக்கு அதிகாரமில்லை. தொடக்கமும் முடிவும் சங்கத்தின் கையில் இருந்தன.

இவ்விடத்தில்தான் வினயத்தின் நுட்பம் முழுமையாக வெளிப்படுகிறது. தவறியவர் அன்றே சொல்லிவிட்டால் ஆறு இரவுகள் மானத்தம் என்னும் ஒடுக்க நிலையில் இருந்தால் போதும். மறைத்திருந்தாலோ, மறைத்த நாட்கள் எத்தனையோ அத்தனை நாட்கள் பரிவாசம் என்னும் தனிநிலையில் முதலில் கழித்து, அதன் பின்னரே அந்த ஆறு இரவுகளுக்கு வர வேண்டும். பரிவாச காலத்தில் அவர் மூப்புரிமையை இழந்து கடைசி இருக்கையில் அமர்வார். பிறருக்குத் துறவு அளிக்கவோ மாணாக்கரை வைத்துக்கொள்ளவோ முடியாது. புதிதாக வரும் ஒவ்வொரு துறவியிடமும் தம் குற்றத்தைத் தாமே எடுத்துரைக்க வேண்டும். இவை நிறைவேறிய பின்பு இருபது துறவியர் கூடிய அவை அவரை மீண்டும் ஏற்கும். ஒருவர் குறைந்தாலும் அந்த ஏற்பு செல்லாது. தண்டனையின் அளவைச் செயல் மட்டும் முடிவு செய்யாமல் மௌனமும் சேர்ந்து முடிவு செய்தது என்பதும், மாணாக்கர்மேல் உள்ள அதிகாரம்தான் முதலில் பறிக்கப்பட்டது என்பதும் கூர்ந்து நோக்க வேண்டியவை. குற்றம் புரிந்த ஆசான் விசாரணைக் காலத்திலும் தன் பீடத்தில் அமர்ந்து போதித்துக்கொண்டிருக்கும் நிலை எந்தச் சமயத்திலும் எந்தக் காலத்திலும் பாதிக்கப்பட்டவருக்கு இழைக்கப்படும் இரண்டாம் தீங்கு. இச்சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை.

பிறர் செய்த பெருங்குற்றத்தை அறிந்தும் மறைக்கும் துறவிக்கும் தனிக் குற்றம் உண்டு. ஆயினும் அதே தொகுப்பில், ஒரு துறவியின் பெருங்குற்றத்தைச் சங்கத்தின் இசைவின்றித் துறவு பூணாதவரிடம் சொல்வதும் குற்றம் என ஒரு விதி இருக்கிறது. முதல் விதி உண்மையைச் சங்கத்திற்குள் வெளிக்கொணர்கிறது. இரண்டாவது அதைச் சங்கத்தின் மதிலுக்கு வெளியே போகாமல் தடுக்கிறது. தேவைப்படும்போது இல்லறத்தாருக்குத் தெரிவிக்கச் சங்கமே ஆணையிடலாம் என்ற விலக்கு இருந்தாலும், பழிக்கு அஞ்சிய அவை அந்த ஆணையை இடாமலே இருந்துவிட முடியும். இது வினயத்தின் உண்மையான பலவீனம்.

இதே இழுபறி பெண்களின் சாட்சியத்திலும் தெரிகிறது. அநியதம் எனப்படும் இரு விதிகள், துறவி ஒருவர் ஒரு பெண்ணோடு தனித்திருந்ததை நம்பத்தகுந்த உபாசிகை, அதாவது இல்லறப் பெண், ஒருத்தி கண்டு சொன்னால் அவள் சொல்லைக் கொண்டு விசாரிக்கலாம் என்கின்றன. சாவத்தியில் உதாயி என்னும் துறவியை விசாகை என்னும் உபாசிகை கண்டித்த நிகழ்ச்சியே இவ்விதிகளுக்குத் தோற்றுவாய். மூல விதி பெண்ணின் சொல்லுக்கு அளித்த எடையைப் பிற்கால உரைகள் குறைத்து, துறவி தாமே ஒப்புக்கொண்ட அளவுக்கே குற்றம் தீர்க்க வேண்டும் எனப் பொருள் கொண்டன. கண்ணால் கண்டதும் பிழையாகலாம் என்ற அவர்களின் தயக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தின் முழுச் சுமையும் பெண்ணின் தோளிலேயே விழுந்தது. பிக்குணியர்க்கு வேறொரு கருவி கிடைத்திருந்தது. தங்கள்மேல் சேற்றுநீர் தெளித்தும் உடலைக் காட்டியும் தொல்லை தந்த பிக்குகளை இனி வணங்குவதில்லை என்று பிக்குணி சங்கம் கூடித் தீர்மானிக்கலாம் என வினயத்தின் சுள்ளவக்கப் பகுதி அனுமதிக்கிறது. தங்கள் மூப்பு எவ்வளவாயினும் எந்தப் பிக்குவையும் வணங்க வேண்டிய நிலையில் வைக்கப்பட்ட பெண்களுக்கு, அந்த வணக்கத்தையே நிறுத்தும் உரிமை சிறிதன்று.

இல்லறத்தாருக்குச் செய்த தீங்கை ஈடுசெய்யும் முறைக்குப் படிசாரணியம் என்று பெயர். மச்சிகாசண்டம் என்னும் ஊரில் சுதம்மர் என்ற துறவி, தமக்கு ஆதரவளித்து வந்த சித்தர் என்னும் இல்லறத்தாரை இழிவாகப் பேசினார். சங்கம் அவரை நேரில் சென்று மன்னிப்புக் கேட்குமாறு பணித்தது. சென்றவர் நாணத்தால் வாய் திறவாமல் திரும்பியபோது, துணைக்கு ஒரு துறவியை அனுப்பும் வழி வகுக்கப்பட்டது. தீங்கு செய்தவர் சங்கத்திடம் மட்டும் தீர்வு பெற்றால் போதாது, தீங்குற்றவரின் வாசலுக்குச் செல்ல வேண்டும் என்பதே இதன் சாரம்.

இல்லறத்தார் கையிலும் ஒரு வலிமை இருந்தது. கோசாம்பியில் துறவியர் இரு தரப்பாகப் பிரிந்து புத்தரின் சொல்லுக்கும் செவிசாய்க்காமல் பூசலிட்டபோது, ஊரார் அவர்களை வணங்குவதையும் சோறிடுவதையும் நிறுத்தினர். அதன் பின்னரே அவர்கள் சாவத்திக்குச் சென்று சமரசம் நாடினர். வெண்பு நாடு போன்ற சீமையில் இக்கதையின் பொருள் இன்னும் கூர்மையாகும். ஒரு பருவமழை பொய்த்தால் கண்மாய் வறண்டு கம்பும் வரகும் கருகும் ஊரில் துறவியின் கலத்தில் விழும் ஒவ்வொரு பிடிச் சோறும் ஒரு குடும்பத்தின் வயிற்றிலிருந்து வந்தது. நெல் விளையும் ஆற்றுப்படுகைப் பள்ளிகளுக்கு நிலக்கொடைகளால் ஊரைச் சாராமல் வாழ முடிந்தது. நாள்தோறும் தெருவில் நின்று கலம் ஏந்த வேண்டிய பள்ளியோ ஊரின் கண்ணுக்குத் தப்ப முடியாது. செல்வம் பெருகிய மடங்களில் ஒழுக்கம் தளர்வதற்குச் செழிப்பைவிட, ஊருக்குக் கணக்குச் சொல்லத் தேவையின்மையே பெரிய காரணம்.

தமிழ்நாட்டுப் பௌத்தத்தில் இத்தகைய தளர்வு பேசப்பட்டது. 7 ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம், கள்ளையும் பெண்ணையும் விரும்பும் நாகசேனன் என்னும் பௌத்தத் துறவியைக் காஞ்சித் தெருவில் நிறுத்தி எள்ளுகிறது. அது வேற்றுச் சமயத்தார் கூற்று. உள்ளிருந்து எழுந்த குரல், சோழ நாட்டுக் காசியபத் தேரர் எழுதிய விமதிவினோதனி என்னும் வினய உரையில் கேட்கிறது. மதுவை அறியாமல் அருந்தினாலும் குற்றமாகுமா என்ற கேள்வியை ஆராயும் அவர், முன்பு தமிழ்நாட்டில் நாகசேனர் என்னும் தேரர் குண்டலகேசிக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியபோது பிழைபட்ட கொள்கைகளைப் புகுத்தியதாகவும், புத்தப்பிரியர் முதலானோர் அதனை மறுத்துச் சாசனத்தைத் தூய்மை செய்ததாகவும் குறிக்கிறார். குண்டலகேசியின் ஆசிரியராகத் தமிழ் மரபு நாதகுத்தனாரையே சொல்லும். ஆசிரியர் யாராயினும், காசியபர் அந்தக் கோளாறைத் தம் நாட்டுச் செய்தியாகவே நூலில் பதிந்து வைத்தார். சங்கத்தின் பழி சங்கத்தாராலேயே எழுதப்பட வேண்டும் என்ற துணிவு அதில் இருக்கிறது.

கடலுக்கு அப்பால், இலங்கையில் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) திம்புலாகலை மகாகாசியபர் தலைமையில் பிளவுண்ட சங்கங்களை ஒன்றுபடுத்தி, கதிகாவதம் எனப்படும் ஒழுங்காணையைப் பொலன்னறுவைக் கல்விகாரையில் பொறித்தான். தாயாக இருந்தாலும், உடன்பிறந்த இளையவனே ஆனாலும், தனியிடத்தில் மறைவாகப் பேசலாகாது என அவ்வாணை துறவியரைக் கட்டுப்படுத்துகிறது. பெண்களோடு சிறுவர்களையும் கருதிய இவ்விதி, தீங்கு எங்கே நிகழக்கூடும் என்பதை அன்றே அறிந்திருந்தவர்களின் விதி.

அதே அரசனின் படைத்தலைவன் இலங்காபுரன் 1170-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாண்டியர் வாரிசுப் போரில் தலையிட்டு, இராமேசுவரத்தைக் கைப்பற்றி, நெட்டூர், மானாமதுரை என வெண்பு நாட்டு வறண்ட சீமையின் அண்டைப் பகுதிகளைத் தீக்கிரையாக்கியபடி முன்னேறினான். சிறைப்பிடித்துக் கொண்டுபோன தமிழரைக் கொண்டு தூபிகளைப் பழுதுபார்த்ததாகவும், பொலன்னறுவையில் பாண்டிநாட்டுத் தமிழர் கட்டியதால் தமிழத் தூபி என்ற பெயர் பெற்ற பெருந்தூபியை எழுப்பியதாகவும் இலங்கை வரலாற்று நூலான சூளவம்சமே பெருமையோடு கூறுகிறது. துறவி ஒருவர் ஓர் இல்லறத்தாரிடம் ஒரு கடுஞ்சொல் பேசினால் அவர் வாசலுக்குச் சென்று மன்னிப்புக் கேட்க வகைசெய்த மரபில், புரவலனான அரசன் ஓர் ஊரையே சிறைகொண்டு வந்து சங்கத்திற்காக மண் சுமக்க வைத்தால் என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கவில்லை. தன்னைக் காக்கும் கைக்குச் சட்டம் எழுத எந்தத் துறவியர் கூட்டமும் முன்வந்ததில்லை. அந்தக் குறை பௌத்தத்திற்கு மட்டும் உரியதன்று.

மகாகாசியபரின் முயற்சியாலும் இலங்கைச் சங்கத்தின் பிணக்குகள் தீர்ந்துவிடவில்லை. 13 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகு சோழ நாட்டிற்குக் கையுறைகள் அனுப்பி, ஒழுக்கமும் முப்பிடகப் புலமையும் உடைய பிக்குகளை வரவழைத்து, அவர்களைக் கொண்டு பிணங்கி நின்ற இரு சங்கங்களுக்கும் இடையே ஒற்றுமையை ஏற்படுத்தினான் என்று சூளவம்சம் எழுதுகிறது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் தமிழர்களைச் சிறைப்பிடித்துச் சென்ற அதே நாட்டு அரசு, தன் துறவியரிடையே நடுநிற்கத் தமிழ்நாட்டுத் தேரர்களையே நாடியது.