போட்சுவானாவின் வைர வளம்

தெற்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடு போட்சுவானா. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதன் பொருளாதாரத்தைத் தாங்கிவரும் கனிமம் வைரம். 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்றாக இருந்த போட்சுவானா, 1994இல் ஐக்கிய நாடுகள் அவையின் ‘மிகவும் வளர்ச்சி குன்றிய நாடுகள்’ பட்டியலிலிருந்து வெளியேறியது. அவ்வாறு வெளியேறிய முதல் நாடும் அதுவே. இயற்கை வளத்தைக் கொண்டு ஒரு வளரும் நாடு தலைநிமிர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆனால் வைரம் கிடைத்த பிற நாடுகள் பல போரிலும் ஊழலிலும் நலிந்திருக்கின்றன. வளம் யாருக்குச் சொந்தம், அகழ்பவருக்கும் அரசுக்கும் எவ்வளவு, வரும் பணத்தை எதில் போடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் போட்சுவானா காலத்தே விடை கண்டதுதான் வேறுபாடு.

வைரத்துக்கு முந்தைய நிலை

1885இல் பிரிட்டன் இப்பகுதியைப் பெச்சுவானாலாந்து என்ற பெயரில் தன் பாதுகாப்பின்கீழ்க் கொண்டுவந்தது. நிலத்தின் பெரும்பகுதி காலஹாரிப் பாலை. கால்நடையே மக்களின் செல்வம். 1895இல் மூன்றாம் காமா, முதலாம் செபெலே, முதலாம் பத்தோயென் ஆகிய மூன்று குடித்தலைவர்கள் கடல் கடந்து இங்கிலாந்து சென்றனர். செசில் ரோட்ஸின் வணிக நிறுவனத்திடம் தங்கள் நிலத்தை ஒப்படைக்கக் கூடாது என்று வாதாடித் தடுத்தனர். தப்பியது நிலம், ஆட்சியாளர்களின் அக்கறை மட்டும் கிடைக்கவில்லை. நிர்வாகத் தலைநகரே எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபிகெங் நகரில் இருந்தது.

1966 செப்டம்பர் 30 அன்று போட்சுவானா விடுதலை பெற்றபோது நாடு முழுவதிலும் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர்தான். பட்டதாரிகள் இருபத்துச் சொச்சம் பேர். அறுபதுகளின் கொடும் வறட்சியில் மந்தைகள் பெருமளவில் மடிந்திருந்தன. ஆண்கள் கூலிக்காகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர். அரசின் அன்றாடச் செலவே பிரிட்டனின் மானியத்தால்தான் நடந்தது.

கண்டுபிடிப்பு

வைரச் சுரங்க நிறுவனமான டி பீர்ஸ் 1955இல் இங்கு வைரம் தேடத் தொடங்கியது. கிழக்கே மொட்லவுட்சே ஆற்றுப் படுகையில் சில சிறு வைரங்கள் கிடைத்தன. ஆற்றின் தலைப்பகுதிவரை தேடியும் அவை வந்த மூலப்பாறை அகப்படவில்லை. நிலம் ஒரு காலத்தில் உயர்ந்தெழுந்து ஆற்றின் மேற்பகுதியைத் துண்டித்திருக்க வேண்டும், ஆகவே மூலம் இன்னும் மேற்கே இருக்கும் என்று நிலவியலாளர் கேவின் லாமொன்ட் கணித்தார். அந்தக் கணிப்பின் வழியே போன குழு 1967இல் ஒராபாவைக் கண்டது. அங்கிருந்த கிம்பர்லைட் குழாய்ப்பாறையின் மேற்பரப்பு நூறு ஹெக்டேருக்கும் அதிகம். உலகின் மிகப் பெரிய வைரப் பாறைகளுள் அது ஒன்று. 1971இல் அகழ்வு தொடங்கியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தெற்கே ஜ்வானெங் கண்டறியப்பட்டது. அங்குப் பாறை பல பத்து மீட்டர் மணலுக்கு அடியில் புதைந்து கிடந்தது. கிம்பர்லைட்டுடன் சேர்ந்து வரும் கார்னெட், இல்மனைட் குறுமணிகள் மேலே கிடந்து அதைக் காட்டிக்கொடுத்தன. ஈரம் தேடி ஆழத்துக்குத் துளைத்துச் செல்லும் கரையான்கள் அவற்றை மண்ணோடு மேலே கொண்டுவந்து சேர்த்திருந்தன. 1982இல் திறக்கப்பட்ட ஜ்வானெங், வெட்டியெடுக்கும் வைரத்தின் மதிப்பில் உலகின் முதன்மைச் சுரங்கமாக வளர்ந்தது.

வைரம் எங்கே, எந்த வடிவில் கிடக்கிறது என்பதும் ஒரு நாட்டின் வரலாற்றைப் பாதிக்கும். சியேரா லியோனில் வைரம் ஆற்றுமணலில் பரவிக் கிடந்தது. மண்வெட்டியும் சல்லடையும் இருந்தால் யாரும் எடுக்கலாம். 1991 முதல் 2002 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போருக்கு அந்த வைரமே பணமாயிற்று. போட்சுவானாவில் அது பாறைக்குள் இறுகியிருந்தது. பெருமுதலீடும் கனரக எந்திரங்களும் இன்றி அதை எடுக்க முடியாது. வேலியிட்ட சுரங்கத்தை அரசால் கண்காணிக்கவும் வரி கேட்கவும் முடிந்தது. இது இயற்கை அளித்த வாய்ப்பு; அடுத்துவந்த முடிவுகள் மனிதர் எடுத்தவை.

உரிமைச் சட்டம்

முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா, பங்வாட்டோ குடியின் தலைமைக்கு உரியவராகப் பிறந்தவர். ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை 1948இல் மணந்ததற்காகப் பிரிட்டிஷ் அரசு அவரை நாட்டைவிட்டு விலக்கி வைத்திருந்தது. 1956இல் தலைமைப் பதவிக்கான உரிமையைத் துறந்த பிறகே அவர் ஊர் திரும்பினார். பின்னர் க்வெட் மசீரேயுடன் சேர்ந்து போட்சுவானா ஜனநாயகக் கட்சியைக் கட்டினார்.

அதுவரை நிலத்தடிக் கனிமம் அந்தந்தக் குடிகளுக்கே உரியதாகக் கருதப்பட்டது. 1967இல் வந்த சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் அவ்வுரிமையை நாட்டின் அரசுக்கு மாற்றியது. குடித்தலைவர்களிடம் பேசி, இணங்கவைத்தே இது செய்யப்பட்டது. ஒராபா இருப்பது பங்வாட்டோ நிலப்பகுதியில். அந்த வைரத்தில் முதல் உரிமை கோரக்கூடிய குடியைச் சேர்ந்தவரே, அது எல்லாக் குடிகளுக்கும் பொதுவென்று ஆக்கினார். நைஜீரியாவிலும் பிற நாடுகளிலும் பகுதிக்குப் பகுதி வெடித்த கனிமப் பூசல் இங்கே முளைக்காமல் போனதற்கு இம்முடிவே தலையாய காரணம். ஆப்பிரிக்கத் தலைவர்கள் எடுத்த முடிவுகளில் இதற்கு உயர்ந்த இடம் உண்டு.

பங்கு உடன்படிக்கை

1969இல் டி பீர்ஸுடன் சேர்ந்து ஒரு சுரங்க நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் பெயர் டெப்ஸ்வானா ஆயிற்று. தொடக்கத்தில் அரசின் பங்கு 15 விழுக்காடு மட்டுமே. வளம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதென்று தெரிந்ததும் அரசு மறுபேச்சுக்கு அழைத்தது. 1975இல் பங்கு 50 விழுக்காடாக உயர்ந்தது. வரியும் கனிமக் கட்டணமும் தனி. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இலாபத்தில் பெரும்பகுதி நாட்டுக்கே வந்தது.

எழுபதுகளில் பல ஆப்பிரிக்க நாடுகள் அயல் நிறுவனங்களை முழுமையாக அரசுடைமையாக்கின. போட்சுவானா அப்பாதையில் போகவில்லை. தொழில்நுட்பமும் உலகச் சந்தையும் டி பீர்ஸ் கையில் இருப்பதை ஒப்புக்கொண்டு, கூட்டாளியாக இருந்தபடியே தன் பங்கை உயர்த்திக்கொண்டது. 1987இல் டெப்ஸ்வானா தன்னிடம் தேங்கியிருந்த வைரங்களைக் கொடுத்து, மாற்றாக டி பீர்ஸிலேயே பங்குகளை வாங்கியது. இன்று டி பீர்ஸின் 15 விழுக்காடு போட்சுவானா அரசுக்குச் சொந்தம்.

வருவாயைச் செலவிட்ட முறை

1970களின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் மானியம் இல்லாமல் அரசு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. 1975இல் போட்சுவானா வங்கி நடுவண் வங்கியாகத் தொடங்கப்பட்டது. மறு ஆண்டில் தென்னாப்பிரிக்க ராண்டை விலக்கிப் புலா என்ற சொந்த நாணயம் வந்தது. நிதியும் திட்டமும் ஒரே அமைச்சகத்தில் இருந்தன. செலவுகள் நாடாளுமன்றம் ஏற்ற தேசிய வளர்ச்சித் திட்டத்தையொட்டியே அமைந்தன.

இவற்றுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. வைரம் ஒருமுறை தோண்டினால் தீர்ந்துபோகும் சொத்து. அதை விற்று வரும் பணத்தை நடப்புச் செலவில் கரைக்காமல் வேறு நிலைத்த சொத்தாக மாற்ற வேண்டும். விதைநெல்லைக் குத்திச் சமைக்காத உழவரின் கணக்குதான் இது. சாலை, குடிநீர்த் திட்டம், பள்ளி, மருத்துவ நிலையம் என்று பணம் மாறிற்று. 1980இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. 1996இல் 65 வயதைக் கடந்த அனைவருக்கும் ஓய்வூதியம் வந்தது. மிஞ்சியதில் ஒரு பகுதி 1994இல் தொடங்கிய புலா நிதியத்தில் வெளிநாட்டு முதலீடாகச் சேர்ந்தது. ஊழலை விசாரிக்கத் தனி இயக்ககமும் அதே ஆண்டில் அமைந்தது.

மக்களும் கைநீட்டிக் காத்திருக்கவில்லை. போட்சுவானா உட்பட மூன்று நாடுகள் சேர்ந்து நடத்திய பல்கலைக்கழகத்திலிருந்து 1975இல் லெசோத்தோ விலகியபோது, சொந்தமாக ஒன்று கட்ட அரசு நன்கொடை வேண்டியது. ஆளுக்கொரு மாடு என்ற அழைப்பை ஏற்று மாடுகளும் தானியமும் பணமும் ஊர் ஊராக வந்து சேர்ந்தன. 1982இல் போட்சுவானா பல்கலைக்கழகம் தோன்றியது.

முதல் சோதனை 1981இல் வந்தது. உலகச் சந்தை சரிந்து வைர விற்பனை நின்றுபோனது. அரசு செலவைக் குறைத்தது, சேமிப்பிலிருந்து ஈடுகட்டியது. நாடு கடனில் மூழ்காமல் கரையேறியது. அதைவிடக் கொடிய சோதனை எச்.ஐ.வி. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட நாடுகளுள் போட்சுவானாவும் ஒன்று. 2002இல் நாடு தழுவிய இலவச மருந்துத் திட்டத்தை ஆப்பிரிக்காவில் முதலாவதாக அது தொடங்கியது. வெளிநாட்டு அறக்கட்டளைகளும் துணை நின்றன. ஆனால் வைர வருவாய் கட்டிய மருத்துவ நிலையங்களும் கருவூலமும் இல்லாமல் அதைத் தாங்கியிருக்க முடியாது.

குறைகள்

வைரச் சுரங்கம் பணம் தரும். வேலை தருவது குறைவு. எந்திரங்கள் நிறைந்த அத்தொழிலில் சில ஆயிரம் பேருக்குத்தான் இடம். ஆகவே அரசு வேலையை நம்பியே படித்த இளைஞர்கள் காத்திருக்கின்றனர். வேலையின்மை நாட்பட்ட நோயாக நிற்கிறது. உலகில் வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளின் வரிசையில் போட்சுவானாவும் உள்ளது. செலெபி-பிக்வே நகரைத் தாங்கிய செம்பு–நிக்கல் சுரங்கம் 2016இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தனர்.

மத்திய காலஹாரி வனவிலங்குக் காப்பகத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்த சான் மக்களை 1997இலும் 2002இலும் அரசு வெளியேற்றியது. வைரத்துக்காகவே இது நடந்தது என்ற குற்றச்சாட்டை அரசு மறுத்தது. வழக்குத் தொடுத்தவர்களை அவர்களின் இடத்திலிருந்து நீக்கியது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2006இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்து என்ற உயர்ந்த கொள்கை, எண்ணிக்கையில் சிறிய மக்களின் குரலைக் கேட்கத் தவறிய இடம் இது. நாட்டின் சாதனையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

விற்பனை நாட்டுக்குள் வந்தது

பல்லாண்டுகளாகக் கல் மட்டும் போட்சுவானாவினுடையது. விற்பனை லண்டனில் நடந்தது. பட்டை தீட்டுவது சூரத்திலும் ஆண்ட்வெர்ப்பிலும் நடந்தது. 2011 உடன்படிக்கை இதை மாற்றியது. 2013இல் டி பீர்ஸ் தன் பன்னாட்டு விற்பனையை லண்டனிலிருந்து தலைநகர் கேபரோனிக்குக் கொண்டுவந்தது. இந்திய நிறுவனங்கள் உட்படப் பல நிறுவனங்கள் அங்குப் பட்டை தீட்டும் கூடங்களை அமைத்தன. அரசின் ஒகவாங்கோ வைர நிறுவனம் டெப்ஸ்வானா உற்பத்தியில் ஒரு பங்கைத் தானே வாங்கி விற்கத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் கையெழுத்தான புதிய உடன்படிக்கைப்படி அப்பங்கு 30 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக உயரும்; உடன்படிக்கை நீட்டிக்கப்பட்டால் 50 விழுக்காட்டை எட்டும்.

இன்றைய நெருக்கடி

ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கும் அரசு வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் வைரத்திலிருந்தே வந்தன. ஆய்வகத்தில் வளர்க்கும் மலிவான வைரம் சந்தையை நிறைத்ததும், அமெரிக்காவிலும் சீனாவிலும் வாங்குவோர் குறைந்ததும் அந்த அடித்தளத்தையே அசைத்தன. 2023இல் சுமார் 2.5 கோடி காரட்டாக இருந்த டெப்ஸ்வானா உற்பத்தி, 2024இல் சுமார் 1.8 கோடிக்குக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு பொருளாதாரம் சுருங்கியது. 58 ஆண்டுகள் ஆண்ட போட்சுவானா ஜனநாயகக் கட்சி அக்டோபர் தேர்தலில் தோற்று, டூமா போகோ குடியரசுத் தலைவரானார். ஆட்சி அமைதியாகக் கைமாறியது. வைரம் கட்டிய அரசு அமைப்புகள் வைரச் சரிவிலும் நிலைகுலையவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

மாற்று வழிகளும் உள்ளன. ஒகவாங்கோ வடிநிலம் 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சார்ந்த சுற்றுலா வளர்ந்துள்ளது. வடமேற்கில் கோமகாவ் செம்புச் சுரங்கம் 2021இல் உற்பத்தியைத் தொடங்கியது. மாட்டிறைச்சி ஏற்றுமதி பழைய துணை. எனினும் இவை சேர்ந்தும் வைரம் விட்ட இடத்தை நிரப்பவில்லை.

மதிப்பீடு

எண்ணெயோ செம்போ லித்தியமோ புதிதாகக் கண்டறியும் நாடுகள் இவ்வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம். அகழ்வில் பெரும்பணம் புரளத் தொடங்கும் முன்பே உரிமையைச் சட்டத்தால் தீர்த்துக்கொள்ள வேண்டும். பங்கை மறுபேச்சால் உயர்த்த அஞ்சக் கூடாது. வருவாயைக் கல்வியாகவும் சாலையாகவும் சேமிப்பாகவும் மாற்ற வேண்டும். இது போட்சுவானா செய்துகாட்டிய பாடம். அந்தக் கல்வி பெற்றவர்களுக்கு வேலை தரும் வேறு தொழில்களை, வளம் கொழிக்கும் காலத்திலேயே ஊன்றிவிட வேண்டும். இது போட்சுவானா முழுமையாகச் செய்யாமல் விட்டு, இன்று விலை கொடுத்துக் கற்றுவரும் பாடம்.