வெற்றிலைப் பெட்டியிலிருந்து பள்ளிப் பைக்கு: தமிழக மாணவரிடையே மெல்லும் புகையிலையின் சமூக வரலாறு

பள்ளி மாணவரின் புகையிலைப் பழக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘கூடாநட்பு’ என்ற ஒரே காரணத்தோடு முடிந்துவிடுகிறது. 2019இல் இந்தியாவில் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்று வேறு திசையைக் காட்டுகிறது. 13 முதல் 15 வயது வரையிலான மாணவரில் 8.5 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்திவந்தனர்; 4.1 சதவீதம் பேர் வாயில் அடக்கும் அல்லது மெல்லும் வகையை. இந்த இரண்டாம் வகையைத் தொட்ட மாணவரில் 52 சதவீதம் பேர் பத்து வயது நிரம்பும் முன்பே தொடங்கியவர்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் புகையிலையை அறிமுகப்படுத்தும் அளவுக்கு நட்பு வட்டம் எங்கே இருக்கிறது? வீட்டையும் தெருமுனைப் பெட்டிக்கடையையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த எண்ணுக்கு விளக்கம் கிடைக்காது.

போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புகையிலை, தென்னாட்டில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த தாம்பூலத்தோடு ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்று விலைபோனது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பிப் ‘புகையிலை விடு தூது’ பாடினார், உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். சிற்றிலக்கியத்தின் பாட்டுடைப் பொருளாகும் அளவுக்கு அது மதிப்புப் பெற்றிருந்தது என்பதே இங்கு நமக்கு முக்கியம்.

அந்த மதிப்பு எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. தாம்பூலம் இல்லறத்தாருக்கு உரியது. கல்வி பயிலும் பிரம்மசாரிக்குத் தர்மசாத்திரங்கள் அதை விலக்கின. சாத்திரம் அறியாத வீடுகளிலும் விலக்கு இருந்தது. ‘படிக்கிற பிள்ளை வெற்றிலை போட்டால் மாடு முட்டும்’, ‘நாக்குத் தடித்துப் படிப்பு வராது’ என்று அதட்டி வைத்தார்கள். மாடு முட்டாது என்று பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சிவந்த உதடும் வாடையும் துப்பலும் செய்தவனைக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுப்பாடு நின்றது அச்சத்தால் என்பதைவிட, மறைக்க முடியாமையால் என்பதே என் கணிப்பு.

அதே மரபில் ஓர் ஓட்டையும் இருந்தது. நடவு, களையெடுப்பு என்று பொழுதெல்லாம் வயலில் நின்ற பெண்களுக்குப் பசியைத் தள்ளிப்போட்டது புகையிலைதான். அவர்களுடைய சுருக்குப்பை வீட்டில் கண்ணில் படும்படியே கிடந்தது. ‘கடையில போய்ப் பொயலை வாங்கிட்டு வா’ என்று அனுப்பப்பட்டது பேரன் அல்லது பேத்தி. பல்வலிக்குப் புகையிலைத் துணுக்கை ஈறில் அடக்குவது கைவைத்தியம். போடக்கூடாது என்று அதட்டிய அதே வாய், புகையிலையை வாங்கிவரவும் சொன்னது. பத்து வயதுக்கு முந்தைய தொடக்கத்தை விளக்க இந்தப் பழைய வாசலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குடும்பத்தில் பயன்படுத்துபவர் இருந்தால் பிள்ளையும் பழகும் வாய்ப்பு கூடுகிறது என்பது இந்திய ஆய்வுகள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

1970களில் கான்பூரிலிருந்து பான் மசாலா சந்தைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் அது சிறு பிளாஸ்டிக் பொட்டலத்துக்கு மாறியது. அதே வடிவில் புகையிலை கலந்த குட்கா பரவியது. கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவை ஏழைக்கும் எட்டச் செய்த பொட்டல உத்தி, இங்கே பள்ளிப் பிள்ளையின் கைக்காசுக்குள் புகையிலையைக் கொண்டுவந்து வைத்தது. வெற்றிலை வேண்டாம், பாக்குவெட்டி வேண்டாம், சுண்ணாம்பு தடவத் தெரிய வேண்டாம். வெற்றிலை போடக் கற்றுக்கொடுக்க ஒரு பெரியவர் தேவைப்பட்டார். பொட்டலத்தைக் கிழிக்க யாரும் தேவையில்லை. பெட்டிக்கடையில் மிட்டாய்க்குப் பக்கத்திலேயே சரம்சரமாகத் தொங்கியதால் அது தின்பண்டமாகவே தோன்றியது. தொலைக்காட்சி விளம்பரத்தில் சம்பந்திகள் பான் பராக்கால் உபசரித்துக்கொண்டார்கள். தாம்பூலத்தின் மங்கலப் பொருளை இப்படிக் கடன் வாங்கிய விற்பனையாளர்கள், அதோடு வந்த வயது விலக்கை மட்டும் விட்டுவிட்டார்கள்.

உடலுக்கு விளைந்த கேடும் வேகமெடுத்தது. வெற்றிலையோடு மெல்பவரைவிட பான் மசாலா, குட்கா போன்ற உலர்ந்த பாக்குக் கலவையை மெல்பவருக்கு, வாயின் உட்புறத் திசு இறுகி வாயைத் திறக்கவே முடியாமல் போகும் நோய் குறுகிய காலத்தில் வருவதை 1990களில் இந்திய மருத்துவர்கள் கண்டறிந்தனர். புற்றுநோய்க்கு முந்தைய நிலை அது. கலவையிலுள்ள சுண்ணாம்பின் காரத்தன்மை நிகோட்டினை வேகமாக இரத்தத்தில் சேர்த்துவிடுவதால் பழக்கம் அடிமைத்தனமாகவும் விரைவில் மாறுகிறது.

தமிழக அரசு 2001 நவம்பரிலேயே குட்காவைத் தடைசெய்தது. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இதற்கிடையே வந்த 2003ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்கும் கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள்ளும் விற்பனையை விலக்கியது. உணவுப் பொருளில் புகையிலையோ நிகோட்டினோ சேரக்கூடாது என்ற 2011ஆம் ஆண்டு விதியைக் கொண்டு 2013 மே மாதம் தமிழகம் மீண்டும் தடை விதித்து, ஆண்டுதோறும் புதுப்பித்துவந்தது. தடைக்கு ஆதாரமான அவசரகால அதிகாரத்தை இப்படி ஆண்டுக்காண்டு பயன்படுத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

நீதிமன்றத்தில் இழுபறி நடந்த காலமெல்லாம் கடையில் சரக்குக்குக் குறைவில்லை. 2017இல் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் குட்காப் பொட்டலங்களைச் சட்டமன்றத்துக்குள்ளேயே எடுத்துச்சென்று காட்டினார்கள். குட்கா தடைபட்ட இடங்களில் பான் மசாலா ஒரு பையிலும் புகையிலை இன்னொரு பையிலுமாகப் பிரித்து விற்றார்கள், வாங்குபவன் கலந்துகொண்டான். தடைக்குப் பிறகு நடந்த முக்கியச் சமூக மாற்றம் இன்னொன்று: பொருள் கண்பார்வையிலிருந்து மறைந்து, கேட்டால் மட்டும் கிடைப்பதாயிற்று. யாரிடம் கேட்பது, எந்தப் பெயரில் கேட்பது என்பது மாணவரிடையே பகிரப்படும் இரகசிய அறிவாயிற்று. நண்பர் குழுவின் செல்வாக்கு உண்மையில் வலுப்பெற்றது இந்தக் கட்டத்தில்தான். தெரிந்தவன் குழுவில் மதிப்புள்ளவன் ஆனான்.

இன்று பள்ளிகளில் அதிகம் பேசப்படும் ‘கூல் லிப்’ இந்த வரிசையின் அண்மைக் கண்ணி. சிறு வடிதாள் பையில் அடைத்த புகையிலை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்தால் போதும். மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம், வாய் சிவக்காது. வகுப்பில் ஆசிரியர் முன்னாலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பாட்டி காலத்துக் கட்டுப்பாடு எந்த அடையாளங்களை நம்பி நின்றதோ, அவை ஒன்றுவிடாமல் துடைக்கப்பட்டுவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் இது தொடர்பான ஜாமீன் மனுக்களை விசாரித்தபோது, பள்ளி மாணவரிடையே இப்பொருள் பரவுவதைக் கவலையோடு குறிப்பிட்டது. ஒரு மாநிலத்தில் தடை, பக்கத்து மாநிலத்தில் விற்பனை என்ற நிலையும் அங்கே கேள்விக்குள்ளானது.

நிலைமை முழுக்கச் சீரழிந்துவிட்டது என்று சொல்வதும் பிழை. 2009 கணக்கெடுப்பில் 14.6 சதவீதமாக இருந்த மாணவர் புகையிலைப் பயன்பாடுதான் பத்தாண்டில் 8.5க்கு இறங்கியது. விலை, எச்சரிக்கைப் படங்கள், விளம்பரத் தடை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த இறக்கம் எட்டாத இடம் வீடு. பள்ளி இறைவணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி எடுக்கும் பிள்ளை மாலையில் தாத்தாவுக்குப் பொட்டலம் வாங்கப் போகிறது. மாணவரை மட்டும் குற்றவாளியாக்கிப் பையைச் சோதிக்கும் நடைமுறை இந்தக் கண்ணியைத் தொடுவதே இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, தகுதியுள்ள மருத்துவரின் ஆணையின்றி ஒரு குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவர் எவராயினும் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறலாம். கடைக்காரர், உறவினர் என்ற பேதம் அந்தப் பிரிவில் இல்லை.