வீட்டுப் பட்டறை மேசைக்கு எந்த லைட் சரி? உப்புக் காற்று ஊர்களில் எதைக் கவனிக்கணும்?

திண்ணையிலோ பின்கட்டிலோ ஒரு மேசை போட்டு தையல், மிக்ஸி ரிப்பேர், மொபைல் சர்வீஸ் என்று வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மெஷினுக்கும் டூல்ஸுக்கும் யோசித்துச் செலவு செய்பவர்கள்கூட, லைட்டுக்கு அறை நடுவில் ஏற்கெனவே எரியும் பல்பே போதும்னு விட்டுவிடுகிறார்கள். கண் எரிச்சல், தலைவலி, கை நழுவுவது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளப் பகுதியில் இருக்கும் ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக் காற்று லைட்டையும் வயரிங்கையும் மெல்ல அரிக்கும். அது ஷாக் அடிக்கும் ஆபத்து வரை போகலாம்.

எவ்வளவு வெளிச்சம் வேணும்?

கடையில் நாம் முதலில் கேட்பது 'எத்தனை வாட்ஸ்?' என்றுதான். ஆனால் வாட்ஸ் என்பது லைட் இழுக்கும் கரண்டின் கணக்கு. லைட் தரும் வெளிச்சம் லூமன். அதில் மேசை மேல் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ்.

பணியிட வெளிச்சத்துக்கான சர்வதேசத் தரநிலையை ஒட்டிய அளவுகள் இவை:

• பெரிய பாகங்களைக் கழற்றி மாட்ட: 300 லக்ஸ்
• நடுத்தர ரிப்பேர் வேலை: 500 லக்ஸ்
• தையல், சின்னப் பாகங்கள்: 750 லக்ஸ்
• சர்க்யூட் போர்டு போன்ற மிக நுணுக்க வேலை: 1,000 லக்ஸ்

4 அடிக்கு 2 அடி மேசைக்கு நேர் மேலே, 3 அடி உயரத்தில் 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப் (சுமார் 2,000 லூமன்) மாட்டினால் ஏறக்குறைய 500 லக்ஸ் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால், வளைத்துத் திருப்பும் டேபிள் லேம்ப் ஒன்றைச் சேர்த்துக்கலாம். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேரும். வீட்டில் பெரியவர் தைக்கிறார் என்றால் அதையும் கணக்கில் எடுங்க.

எங்கே மாட்டணும்?

மேசை சுவரோரம், பல்பு முதுகுக்குப் பின்னால். பல வீடுகளில் இதுதான் நிலைமை. எத்தனை வாட்ஸ் போட்டாலும் உங்க நிழலே வேலை மேல் விழும். டியூப்பை மேசையின் நீளவாக்கில், தலைக்குப் பின்னால் போகாமல், முன்விளிம்புக்கு நேர் மேலேயோ சற்று உள்ளேயோ மாட்டணும். கண்ணில் நேராகக் கூசினால் ஒரு பட்டை வைத்து மறைக்கலாம். டேபிள் லேம்ப் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம், இடக்கைக்காரருக்கு வலப்பக்கம்.

எந்த நிறம்?

4,000 கெல்வின் வெள்ளை பெரும்பாலான வேலைக்கு ஒத்துவரும். நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனை சிஆர்ஐ என்ற எண் சொல்லும். 80 இருந்தால் போதும். நூல் நிறம் பொருத்த, வயர் நிறம் பிரித்துப் பார்க்க 90 இருப்பது நல்லது.

ட்ரில், கிரைண்டர் இருந்தால் கவனம்!

நம்ம வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான சில எல்.இ.டி.கள் இதனால் நொடிக்கு 100 முறை சிமிட்டும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேகமாகச் சுற்றும் ட்ரில் பிட் நின்றுவிட்டது போல அது காட்டலாம். கையை நீட்டினால் விபத்துதான். லைட்டை மொபைல் கேமராவில் பாருங்க. கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த லைட் பட்டறைக்கு வேண்டாம்.

உப்புக் காற்று என்ன செய்யும்?

காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கரையும். ஹோல்டர், ஸ்விட்ச் மேல் படிந்த உப்பு அப்போது கரண்டைக் கடத்தும். இணைப்புகள் பச்சை பூத்து, பிடிப்பு குறைந்து, சூடாகி உருகவும் வாய்ப்பு உண்டு.

• திறந்த திண்ணை, ஷெட் என்றால் ஐபி65 லைட் எடுங்க. தூசி உள்ளே போகாது. பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும்.
• ஆனால் ஐபி எண் துருவுக்கான உத்தரவாதம் இல்லை. அதனால் இரும்பு பாடியை விட்டு பாலிகார்பனேட் பாடியைத் தேர்ந்தெடுங்க.
• ஸ்க்ரூ, கிளாம்ப் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். 304-ஐ விட 316 ரகம் உப்பைக் கூடுதலாகத் தாங்கும்.
• வயர் உள்ளே நுழையும் துளையை ரப்பர் கிளாண்ட் போட்டு மூடணும்.

மாட்டும்போது...

மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கணும். புது லைன் இழுப்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுடுங்க. மெட்டல் பாடி லைட்டுக்கு எர்த் கட்டாயம். மேசைக்கு வரும் லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வரட்டும். கசிவு கரண்ட் ஏற்பட்டால் நொடிக்குள் டிரிப் ஆகி உயிரைக் காப்பது அதுதான். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. அன்றைக்கே லைட்டை ஆஃப் செய்து, லேசாக ஈரத் துணியில் உப்பைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்க.