திமிர் என்றொரு பெயர்

"சாதியப் பாத்து இல்லீங்க, அவன் திமிரப் பாத்துதான் அடிச்சோம்." ஊர்த்தெருவின் இந்தப் பேச்சு நமக்குப் பழசு. ஆஸ்திரேலியக் கால்பந்து மைதானங்களிலும் இதே பேச்சு நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை நம் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆடம் குட்ஸ் பூர்வகுடி. 1999 முதல் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்கு 372 ஆட்டங்கள் ஆடியவர். நாட்டின் பெரிய விருதான பிரவுன்லோ பதக்கத்தை 2003லும் 2006லும் வாங்கியவர். 2013 மே மாதம் மெல்பர்னில், பூர்வகுடிகளைக் கௌரவிக்கும் சுற்றிலேயே, 13 வயதுச் சிறுமி ஒருத்தி அவரைக் குரங்கு என்றாள். அவர் விரல் நீட்டிக் காட்டினார். காவலர்கள் அவளை வெளியேற்றினார்கள். மறுநாளே, அந்தப் பிள்ளையைப் பழிக்காதீர்கள், அவளுக்கு ஆதரவு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

2014இல் அவருக்கு 'ஆண்டின் ஆஸ்திரேலியர்' விருது கிடைத்தது. இனவெறிக்கு எதிராகப் பேசினார். பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் கூட்டம் ஊளையிடுவது வலுத்தது. 2015 மே மாதம் கோல் போட்டதும் தம் மக்களின் போர் நடனம் ஆடி, ஈட்டி எறிவதுபோல் கை வீசினார். ஊளை இன்னும் கூடியது. ஜூலை கடைசியில் பெர்த் ஆட்டத்துக்குப் பின் ஓர் ஆட்டத்தில் ஆடாமல் ஒதுங்கினார். செப்டம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஊளையிட்டவர்கள் ரெண்டு நியாயம் சொன்னார்கள். ஒண்ணு, ஃப்ரீ கிக் வாங்குவதற்காக வேணும்னே விழுகிறார். எதிரணி ஆட்டக்காரரை ஊளையிடுவது அங்கே வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் விழுவதுதான் குற்றம் என்றால் 1999 முதல் இந்த வெறி எங்கே போயிருந்தது? அவர் விரல் நீட்டிய பிறகுதானே பெருகியது?

ரெண்டாவது, மற்றப் பூர்வகுடி ஆட்டக்காரர்களை நாங்கள் ஊளையிடுவதில்லையே என்றார்கள். அதே அணியின் லான்ஸ் ஃபிராங்ளினும் பூர்வகுடிதான் என்றார்கள். கேட்க வலுவான வாதம். ஆனால் நமக்கு இது தெரியாததா? "ஒங்க தெருவுல எத்தன பேரு இருக்காங்க, அவங்ககிட்ட நாங்க வம்புக்குப் போறோமா?" என்பார்கள். வெறுப்பு எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. குனிந்து போகிறவனை விட்டுவைக்கும், வாய் திறந்தவனைத் தேடி வரும். விட்டுவைத்ததையே தன் யோக்கியதைக்குச் சாட்சியாகவும் காட்டும்.

விரல் நீட்டியது, பேசியது, ஆடியது. அவர்மீது சொன்ன 'நடத்தை'க் குற்றங்களில் இந்த மூன்றும் இனவெறிக்குக் கொடுத்த பதில்கள். அப்படியிருக்க நடத்தையா, வெறுப்பா என்று தராசு பிடிப்பதே தப்பு. பதில் சொன்னதைத்தான் திமிர் என்கிறார்கள்.

2019இல் கால்பந்துக் கழகமும் 18 அணிகளும் மன்னிப்புக் கேட்டன. இனவெறியைக் கண்டிக்கத் தவறினோம் என்று ஒப்புக்கொண்டன. அதற்குள் அவர் மைதானத்தை விட்டுப்போய் நாலு வருஷம் ஆகிவிட்டது.

இனி யாராவது "அவன் நடத்தை சரியில்ல" என்றால், எந்தத் தேதியிலிருந்து சரியில்லாமல் போச்சு என்று கேளுங்கள்.