மறைவுத் தோணியும் மரத் தாராவும்: ஒரு வரலாற்று நோக்கு

கப்பல்களின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. போர்க்கலங்களும் வணிகக் கலங்களும் புதுநாடு தேடிச் சென்றோரின் மரக்கலங்களும் வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெற்றன. ஒருவர் மாத்திரமே படுத்திருக்கக்கூடிய சிறு தோணிகளோ அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அவற்றைக் கட்டியோர் பெரும்பாலும் வரைபடம் கீறி வைத்தாரல்லர். கைப்பழக்கமே அவர்தம் நூலாயிருந்தது. எனினும் ஒரு பிரதேசத்து மக்களின் உழைப்பு சந்தைக்குட்பட்ட விதமும், அரசின் சட்டம் அவ்வுழைப்பில் தலையிட்ட விதமும் இத்தகைய கலங்களிலே தெளிவாகப் பதிந்துள்ளன எனலாம். வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் காட்டுத் தாரா வேட்டைக்கெனக் கட்டப்பட்ட மறைவுத் தோணிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

தாரா எளிதில் ஏமாறும் பறவையன்று. அது மேலிருந்து பார்ப்பது, கூட்டமாய் வருவது, நீர்மட்டத்துக்கு மேல் நிமிர்ந்து தோன்றும் எவ்வுருவையும், சிறு அசைவையும் ஐயுறுவது. ஆயினும் தன்னினத்தைக் கண்ட இடத்தில் இறங்கும் இயல்பு அதற்குண்டு. வேட்டுவனின் கலை முழுவதும் இவ்விரு உண்மைகளின்மேல் எழுந்ததே. பழந்தமிழ் நூல்களில், பிற விலங்குகளைக் கவர்ந்திழுக்க வேடர் பழக்கி வைத்த விலங்குக்குப் ‘பார்வை’ என்ற பெயர் வழங்கிற்று; அச்சொல்லை ஈண்டு எடுத்தாள்வதில் தவறில்லை. பார்வைப் பறவைகளை அமைக்கும் வழக்கம் அமெரிக்காவில் ஐரோப்பியர் வருகைக்கு மிக முற்பட்டது. நெவாடா மாநிலத்து லவ்லொக் குகையில் 1924இல் கண்டெடுக்கப்பட்ட, கோரையாற் பின்னிய தாரா உருவங்கள் ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழைமையுடையவை. குடியேறிகள் செய்த புதுமை, பார்வைப் பறவையோடு மறைவுத் தோணியை இணைத்தமையே.

நியூ ஜேர்சியின் கரையை அடுத்துள்ள பார்னெகட் குடா, மணல்திட்டுகளாற் கடலிலிருந்து பிரிக்கப்பட்ட நீண்ட களப்பாகும். ஆழங்குறைந்த நீர், சேறு, உப்புப்புல் வளர்ந்த சதுப்பு, மாரியிற் பனிக்கட்டி ஆகிய நான்கையும் ஒரே நாளிற் கடக்கவேண்டிய தொழில் அங்குள்ளோரது. இத்தேவைக்கு விடையாக 1836 அளவில் வெஸ்ற் கிறீக் என்ற ஊரைச் சேர்ந்த ஹேசல்டன் சீமன் கட்டிய தோணியே ‘சினீக் பொக்ஸ்’ எனப் பெயர்பெற்றது. அதனைப் பதுங்குபெட்டி எனலாம். அயலார் அதனைப் ‘பிசாசின் சவப்பெட்டி’ என்று எள்ளியதாகவும் செய்தியுண்டு. எள்ளலிலும் உருவம் பற்றிய உண்மை இல்லாமற் போகவில்லை.

ஏறக்குறைய 12 அடி நீளமும் 4 அடி அகலமுங் கொண்ட இத்தோணியின் அடி, கரண்டியின் முதுகை ஒத்தது. நீரைக் கிழித்துச் செல்லாது நீர்மேல் வழுக்கிச் செல்லும் இவ்வடி, சேற்றிலும் பனிக்கட்டியிலும் இழுத்துச் செல்லவும் ஏற்றது. மேற்புறம் முழுவதும் தாழ்ந்து வளைந்த தட்டினால் மூடப்பட்டிருக்கும். நடுவே ஒருவன் உடலை நுழைக்குமளவு வாய் மட்டும் திறந்திருக்கும். பலகை அப்பகுதிச் சதுப்புக் காடுகளில் வளரும் வெண்சீடர் மரத்தினது. அம்மரம் இலேசானது, எளிதில் உழுத்துப்போகாதது. ஆதலின், ஒருவன் தனியே கரைக்கு இழுத்தேற்றக்கூடிய நிறையிலே தோணி அமைந்தது.

இத்தோணியைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் முறை தனியே நோக்கத்தக்கது. நிமிர்ந்து நிற்கும் எதுவும் அதில் இருத்தல் ஆகாது. ஆகவே துடுப்புத் தாங்கிகள் மடிந்து தட்டோடு படியும். பாயும் பாய்மரமும் கழற்றி உள்ளே வைக்கப்படும். நடுப்பலகை மேலே இழுத்தெடுக்கப்படும். பின்தட்டிற் சிறு சட்டமொன்று உண்டு. போகும்போது மரத் தாராக்கள் அதனுள் அடுக்கப்படும். முன்புறத்திலே அலைத்துளி தடுக்கும் கன்வஸ் துணி கட்டப்படும். வர்ணம் பளபளப்பற்றதாய், வாடிய புல்லின் நிறத்ததாய் இருத்தல் வேண்டும். ஈரப்பலகையில் வெயில் பட்டு மின்னினாற் போதும், ஒரு காலை நேர உழைப்பு வீணாகிவிடும். வேட்டையிடம் சேர்ந்ததும் சதுப்பின் ஓரத்தே தோணியைச் செலுத்தி, அவ்விடத்துப் புல்லையே அறுத்துத் தட்டின்மேற் பரப்புவர். வேற்றிடத்துப் புல் நிறத்தாற் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்தம் அநுபவம். மாரியிற் புல்லுக்குப் பதில் பனியும் கட்டித்துண்டுகளும் இடப்படும். மரத் தாராக்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றினால் நங்கூரமிடப்பட்டுக் காற்றை நோக்கித் தலைதிருப்பி மிதக்கும். தாரா காற்றை எதிர்த்தே இறங்குமாதலால், காற்று வரும் திசை பார்த்துத் தோணியும் பார்வைப் பறவைகளும் அமைக்கப்பட்டன. அதன் பின்னர் வேட்டுவன் மல்லாந்து படுத்து, குளிரில் அசையாது காத்திருப்பான்.

நதானியேல் பிஷப் என்பார் 1875–76இல் இத்தகைய தோணியொன்றிலேயே பிற்ஸ்பேர்க்கிலிருந்து ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே மெக்சிக்கோ வளைகுடாவரை சென்று, 1879இல் அதனை நூலாக எழுதினார். களப்பு மக்களின் கருவியொன்று வெளியுலகுக்கு அறிமுகமானது ஓய்வுள்ள ஒருவரின் எழுத்தினாலேயே என்பது கவனிக்கத்தக்கது.

பதுங்குபெட்டி தோன்றிய காலத்திலேயே அதனினும் கொடிய கருவியொன்று லோங் ஐலண்ட் பகுதியிற் பரவலாயிற்று. அது ‘சிங்க் பொக்ஸ்’, அஃதாவது அமிழ்பெட்டி. இதனைத் தோணி என்பதே பொருந்தாது. ஆள் படுக்குமளவான பெட்டியைச் சுற்றி அகன்ற தட்டும், அதற்கப்பால் அலையோடு எழுந்து தாழும் கன்வஸ் சிறகுகளும் அமைந்திருந்தன. தட்டின்மேல் இரும்பில் வார்த்த தாராக்கள் பாரமாக வைக்கப்படப் பெட்டி நீர்மட்டம்வரை அமிழும். உள்ளே படுத்திருப்பவன் உண்மையில் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருந்தான். நூற்றுக்கணக்கான மரத் தாராக்கள் சுற்றிலும் மிதக்கும். மேலிருந்து நோக்கும் பறவைக்குத் தெரிவது தன்னினக் கூட்டமும் ஒரு நிழலுமே. தானே ஓடமாட்டாத இக்கருவியைப் பெரிய வள்ளமொன்று ஏற்றிச்செல்லும். விழுந்த பறவைகளைப் பொறுக்க உதவியாளர் தூரத்தே காத்து நிற்பர். அலை எழுந்தாற் பெட்டிக்குள் நீர் ஏறும். உயிராபத்து மிக்க தொழில் அது.

பதுங்குபெட்டி கரையோரப் புல்லை நம்பியது. அமிழ்பெட்டியோ பறவைகள் அஞ்சாது மேய்ந்த திறந்த நீர்ப்பரப்பை அடைந்தது. இவ்வேறுபாடே பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது.

செசப்பீக் குடாவின் தலைப்பகுதியில் சஸ்குவெஹானா ஆறு கலக்குமிடத்தே பரந்த ஆழமற்ற பரப்பொன்றுண்டு. அங்கு செழித்த வலிஸ்னேரியா என்னும் நீர்ப்புல்லைத் தின்று கொழுத்த ‘கன்வஸ்பக்’ தாராவின் இறைச்சி, பால்ரிமோர், பிலடெல்பியா, நியூ யோர்க் நகரங்களின் உயர்தர ஹொட்டேல்களில் மிகவும் விரும்பப்பட்டது. புகையிரதப் பாதைகள் அமைந்தபின் காலையிற் சுட்ட பறவை விரைவிலேயே நகரச் சந்தையை எட்டியது. வீட்டு உலைக்குச் சுட்டவன் பீப்பாய் நிரப்பச் சுடலானான். சந்தையின் பசிக்கு எல்லையில்லை. பறவையின் இனப்பெருக்கத்துக்கோ எல்லையுண்டு.

இதன் விளைவை முன்னரே உணர்ந்த நியூ யோர்க் மாநிலம் 1838இல் அமிழ்பெட்டியைத் தடைசெய்தது. வேட்டுவர் முகமூடி அணிந்து தொழிலைத் தொடர்ந்தனர். காட்டிக்கொடுப்போரைச் சுடுவதாக அச்சுறுத்தினர். ஈற்றில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இச்சம்பவத்தை வெறும் ஒழுங்கீனமாக மட்டும் கொள்வது பொருந்தாது. மாரியில் வேறு வருவாயற்ற மக்களிடம், மாற்று வழி எதனையும் வழங்காது கருவியை மட்டும் பறிக்க முயன்ற சட்டம் அது. மறுபுறத்தில், செல்வந்தர் கழகங்கள் செசப்பீக்கின் சிறந்த கரைநிலங்களை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் தமக்கெனத் தனி வேட்டைத் தளங்களை அமைத்தன. பாதுகாப்புச் சட்டங்களை வலியுறுத்தியோரில் இவ்வகுப்பினர் பலர் இருந்தனர். அவர்தம் வாதம் பிழையன்று. ஆனால் அதன் சுமையைத் தாங்கியவர் அவரல்லர்.

எனினும் தொழில்முறை வேட்டுவரின் செயல்கள் அனைத்தையும் வறுமையின் பெயரால் நியாயப்படுத்தலாகாது. செசப்பீக்கில் இரவு வேட்டைக்கெனப் பெருந்துப்பாக்கிகள் வழங்கின. நூறு இறாத்தல்வரை நிறையுள்ள இவற்றைத் தோளில் தாங்க முடியாது. தாழ்ந்த தோணியின் முன்புறத்தே கிடத்தி, தோணியையே திருப்பிக் குறிவைப்பர். உறங்கும் கூட்டத்தை நோக்கிக் கையாற் சிறுதுடுப்பு வலித்து ஓசையின்றி நெருங்கி, ஒரே வெடியிற் பல பத்துப் பறவைகளை வீழ்த்துவர். இங்கிலாந்திலும் இம்முறை பழையது. 1814இல் தம் வேட்டை நூலை வெளியிட்ட கேணல் பீற்றர் ஹோக்கர் அதன் புகழ்பெற்ற வல்லுநர். ஆங்கே கனவானின் விளையாட்டாக மதிக்கப்பட்டது, செசப்பீக்கிலே களவுத் தொழிலாகத் தண்டிக்கப்பட்டது. சட்டக் காவலர் தேடிவரும்போது துப்பாக்கிகள் சதுப்புக்குள்ளும் வீட்டு மறைவிடங்களிலும் ஒளிக்கப்பட்டன. தோணியை மறைத்த கலை ஈற்றில் மனிதரிடமிருந்தே மறையும் கலையாக மாறிற்று.

மாநில எல்லைகளை மதியாத பறவையை மாநிலச் சட்டங்களாற் காக்க இயலவில்லை. மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்றவற்றை மாநிலங்களுக்கிடையே விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. கனடாவின் சார்பிற் பிரித்தானியாவோடு 1916இற் செய்த உடன்படிக்கையை நிறைவேற்ற 1918இல் வலசைப் பறவைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் செல்லுபடியை 1920இல் உயர் நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. சந்தை வேட்டை சட்டப்படி முடிவுற்றது. ஆனால் 1930களின் வறட்சி வடபுலச் சதுப்புகளை உலர்த்தித் தாராக்களின் தொகையைப் பெரிதும் குறைக்க, 1935இல் அமிழ்பெட்டியும், உயிருள்ள பார்வைப் பறவையும், இரை தூவுதலும் ஒருங்கே தடைசெய்யப்பட்டன. நீர்மட்டத்துக்குக் கீழே வேட்டுவனை மறைக்கும் குழிவுடைய தாழ்ந்த மிதவை என்று சட்டம் அமிழ்பெட்டியை வரையறுக்கின்றது. பதுங்குபெட்டி இவ்வரையறைக்குள் அகப்படாது தப்பியது. மறைவு குற்றமாகவில்லை, பறவைக்குத் தப்பும் வாய்ப்பே இல்லாத மறைவு குற்றமாயிற்று.

துப்பாக்கி ஓய்ந்தபின்னும் பறவைகள் பழைய அளவிலே திரும்பவில்லை என்பதை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். வண்டலாலும் மாசினாலும் ஏற்கெனவே நலிந்திருந்த சஸ்குவெஹானாப் பரப்பின் நீர்ப்புல், 1972ஆம் ஆண்டு யூன் மாதத்து அக்னெஸ் சூறாவளி கொணர்ந்த வெள்ளத்தினால் பெரும்பாலும் அழிந்தது. அது மீண்டும் பரவத் தொடங்கியது 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே. தோணியைத் தடைசெய்யச் சட்டமொன்று போதுமாயிருந்தது. ஆற்றின் மேற்புறத்து வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வரும் கழிவுக்கு அத்தகைய எளிய வரையறை கிடைக்கவில்லை.

பதுங்குபெட்டி பார்னெகட் கரையில் இன்றும் கட்டப்படுகின்றது. செசப்பீக்கின் பெருந்துப்பாக்கிகள் சென் மைக்கல்ஸ் நகரத்துக் கடல்சார் நூதனசாலையிற் காட்சிக்குள்ளன. ஹாவர் டி கிறேஸ் நகரில் 1986இல் பார்வைப் பறவைகளுக்கெனவே நூதனசாலையொன்று திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் நூற்றுக்கணக்காய் நீரில் எறியப்பட்ட மரத் தாராக்களுள், செதுக்கியவர் பெயர் தெரிந்த பழையவை இப்போது ஏலங்களிற் பெருவிலைக்குப் போகின்றன.